சாப்பிடல, ருசி பாத்தேன்

சக்கரை போடல கண்ணு. நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிப்போடறேன். இந்தப் பாட்டிலைப் பாக்கறவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் கேக்கறாங்க, "ஏங்க சலோமியம்மா, எத்தனை கிலோ சக்கரை போட்டீங்க"ன்னு. கிலோவும் இல்ல, சிட்டிகையும் இல்ல. பையை மேல வைக்க வேண்டாம், வளைவுல உருண்டுடும். ஆறு பாட்டில், ஆறும் கண்ணாடி. என் மடியிலயே இருக்கட்டும். நீ கோயமுத்தூர் போறியா? நானும் அங்கதான். காந்திபுரத்துல என் மக வந்து நிப்பா. அவளோட சண்டை போடத்தான் போறேன்.

ஜாம்னு நெனச்சியா? ஜாம் இல்ல. இதுக்குப் பேரு காம்போட்டு. எனக்கும் போன மார்ச்சு வரைக்கும் தெரியாது. என் மக பெனிட்டாதான் போன்ல ஒரு வீடியோ அனுப்பினா. ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, விரல்ல கறைகூடப் படாம சமைக்கிறா. பழத்தைப் போட்டா, பேரீச்சம்பழத்தைப் போட்டா, ரெண்டு கிண்டு, ஒரு சிரிப்பு, முடிஞ்சுது. கீழ பெனிட்டா எழுதியிருந்தா: "அம்மா, இனிப்பு ஆசை வந்தா இதுல ஒரே ஒரு ஸ்பூன் எடுத்துக்கோ. சக்கரையே கிடையாது, எல்லாம் நேச்சுரல்." பாத்துக்கோ. இதைச் செய்யச் சொன்னது அவ. இன்னைக்கு என்னைப் பொய்க்காரிங்கறதும் அவதான்.

கோத்தகிரியில சர்ச்சுக்குப் போற மேட்டுல எங்க வீடு. பின்னாடி ஒரு மல்பெரி மரம், எங்க வீட்டுக்காரர் வெச்சது. மார்ச்சுல ஆரம்பிச்சா மே முடியற வரைக்கும் காய்ச்சுக் கொட்டும். அவர் இருந்தப்ப பாதியைக் குருவி தின்னும், மீதியை நாங்க மிதிச்சுத் திரிவோம், சிமெண்டுத் தரை பூரா கறுப்புக் கறை. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. இந்த வருஷம்தான் ஒரு பழத்தை மண்ணுல விழ விடல. பழைய புடவையை மரத்தடியில விரிச்சு, கிளையைப் பிடிச்சு உலுக்கினா படபடன்னு கொட்டும். அதுக்கப்புறம் காம்பு கிள்ளணும், அதுதான் உயிர் போற வேலை. ஒவ்வொண்ணுலயும் ஒரு பச்சைக் காம்பு இருக்கும். கிள்ளாம போட்டா வாயில நாரு மாதிரி மாட்டும். வீடியோல அந்தப் பொண்ணு காம்பு கிள்ளறதைக் காட்டவே இல்ல.

செய்யறது எப்படின்னு கேளு, சொல்றேன், ஒளிச்சு வைக்க எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு கிலோ பழத்துக்குக் கால் கிலோ பேரீச்சம்பழம், கொட்டை எடுத்து வெந்நியில ஊறவெச்சு அரைச்சுக்கணும். ஒரு ஆப்பிளைத் தோலோட துருவணும். உலர்ந்த திராட்சை ஒரு கைப்பிடி. பட்டை ஒரு துண்டு. இரும்புச் சட்டி ஆகாது, புளிப்புப் பட்டா இரும்பு வாடை அடிக்கும், எவர்சில்வர்தான். தண்ணி தெளிச்சாப் போதும், பழமே தண்ணி விடும். பாதியைக் கரண்டியால மசிச்சு, பாதியை முழுசா விட்டுடணும். இறக்கறப்ப எலுமிச்சம்பழம் பிழியணும். அவ்வளவுதான். இதுல சக்கரை எங்க இருக்கு சொல்லு. பேரீச்சம்பழம் மரத்துல காச்சது. ஆலையில காச்சினது இல்ல.

இந்தா, வர்க்கி, எங்க ஊரு பேக்கரி பிஸ்கட்டு. காலையில சுட்டது. அது மேல கொஞ்சம் வெச்சுத் தர்றேன். இரு, இரு, முதல்ல நான் பாத்துடறேன். நான் பாக்காம யாருக்கும் குடுக்க மாட்டேன். ம். நல்லா இருக்கு. இப்ப சாப்பிடு. எப்படி இருக்கு? அதான் பாத்தேன், முகமே சொல்லுது.

நான் சும்மா சொல்லல கண்ணு, அது என் வேலை. இருவத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளரா இருந்தேன். ஆயான்னு நெனச்சுக்காத. ஆயா வேற, சமையல்காரம்மா வேற. அமைப்பாளர்னா பொறுப்பு என்னுது. நூத்தி இருவது பிள்ளைங்க. சாப்பாடு ஆனதும் பிள்ளைங்களுக்குப் போடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி நான் ருசி பாக்கணும். பாத்து, ருசிப் பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும். சில பேரு விரல்ல தொட்டு நாக்குல வெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. நான் அப்படி இல்ல. பிள்ளைக்கு எவ்வளவோ அவ்வளவும் ஒரு தட்டுல வாங்கி, உக்காந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் பாப்பேன். மேல இருக்கற சோறு நல்லா இருந்து அடியில தீஞ்சிருந்தா? அதெல்லாம் சாப்பாடுக் கணக்குல வராது. அது ருசி. சாப்பாடு மத்தியானம் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவேன்.

இப்படிப் பாத்துப் பாத்துத்தான் ஒரு தடவை பெரிய ஆபத்தையே தடுத்தேன். பருப்பு மூட்டை மழையில நனைஞ்சிருக்கு, யாருக்கும் தெரியல. சாம்பார் வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது வாயில எனக்கு நாக்குல பூஞ்சை வாடை அடிச்சுது. கொட்டுங்க அத்தனையும்னு சொன்னேன். தலைமை ஆசிரியர் கத்தறார், பிள்ளைங்க தட்டோட உக்காந்திருக்கு, நான் அசையல. அண்டாவை நானே கவுத்தேன். அன்னைக்கு சாயங்காலம் எனக்கு மட்டும் வயித்தால போச்சு. நூத்தி இருவது பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. விரல்ல தொட்டு நக்கியிருந்தா அது தெரிஞ்சிருக்குமா? சொல்லு.

அரவேணு வந்திடுச்சு போல. இரு, அந்தப் பாட்டில்ல எலுமிச்சை கம்மியாத் தெரிஞ்சுது, இன்னொருக்கா உறுதி பண்ணிக்கறேன். இல்ல, சரியாத்தான் இருக்கு.

சண்டை எதுக்குன்னு சொல்லலையே. எனக்கு சுகர் இருக்குது, பத்து வருஷமா. பிப்ரவரியில ஒரு புதுச் செருப்பு கால் பெருவிரலைக் கடிச்சு வெச்சுது. சின்னப் புண்ணுதான், இதோ பாரு, கட்டுப் போட்டிருக்கறதால பெருசாத் தெரியுது. ஆறல. பெனிட்டா வந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. மூணு மாச சராசரின்னு ஒரு டெஸ்ட் இருக்கு பாரு, அதுல எட்டு புள்ளி ஒம்போது. டாக்டரம்மா நித்யகலா, அவ எங்க பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளை, நான் ருசி பாத்த சோத்தைத் தின்னு வளந்தவ, இன்னைக்கும் என்னை டீச்சர்னுதான் கூப்பிடுவா. "டீச்சர், இப்படியே போனா விரலை எடுக்க வேண்டி வரும்"னு பட்டுன்னு சொன்னா.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் பெனிட்டா ஆரம்பிச்சா. "நீ தனியா இருந்தது போதும், கீழ வந்துடு. வீட்டைப் பூட்டிடலாம்." நான் மாட்டேன்னேன். அவ அழுதா, நானும் அழுதேன், அப்புறம் ஒரு பேச்சுக்கு வந்தோம். மூணு மாசம். மே கடைசியில அதே டெஸ்ட். எட்டுக்குக் கீழ வந்தா நான் என் வீட்டுல இருக்கலாம், அவ வாயைத் திறக்க மாட்டா. மேல போச்சுன்னா நான் வாயைத் திறக்காம அவளோட போயிடணும்.

அவ வீடு நல்ல வீடுதான். நாலாவது மாடி, லிஃப்ட் இருக்கு. மருமகன் தங்கமானவர். ஆனா அங்க சமைக்க ஒரு பொண்ணு வருது. போன கிறிஸ்துமசுக்குப் போனப்ப நான் அடுப்பு கிட்ட போனேன், அந்தப் பொண்ணு "நீங்க உக்காருங்க பாட்டி"ன்னு சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டுது. நாலு நாள் அந்த நாற்காலியில உக்காந்து, எதிர் பில்டிங்ல துணி காயறதைப் பாத்தேன். டிவி பாரு, தூங்கு, மாத்திரை போடு. அங்க போனா நான் ஒரு வருஷம் தாங்க மாட்டேன் கண்ணு. சும்மா சொல்லல. வேலை இல்லாம இருந்து எனக்குப் பழக்கமில்ல.

அதனால அந்த மூணு மாசமும் நான் இருந்த இருப்பு யாரும் இருந்திருக்க மாட்டாங்க. ஒரு நோட்டு வாங்கி, தின்னது அத்தனையும் எழுதினேன். காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கப் சாதம், கீரை, முட்டையில வெள்ளை மட்டும். ராத்திரி ராகி தோசை ஒண்ணு. டீயில சக்கரை கிடையாது. பொங்கலுக்கு வாங்கின ஒரு கிலோ சக்கரை பாக்கெட்டு பிரிக்காம அப்படியே அலமாரியில கிடக்கு. இந்தக் காம்போட்டையே எடுத்துக்க. அவ ஒரு ஸ்பூன் எடுத்துக்கோன்னு எழுதினா இல்ல? நான் அந்த ஒரு ஸ்பூனைக்கூட எடுத்துக்கல. ஒரு நாள் கூட தட்டுல வெச்சு சாப்பிட்டதில்ல. அவ்வளவு கட்டுப்பாடு.

சாப்பிடலேன்னா எதுக்குச் செஞ்சேன்னா? பழம் விழுதே. விழறதை விட்டுட முடியுமா? வாரம் ரெண்டு தடவை கிண்டினேன். முதல்ல அக்கம்பக்கம் குடுத்தேன். ருக்குமணி ஒரு பாட்டில் வாங்கினா, பாஸ்டரம்மா ரெண்டு வாங்கினாங்க. நல்லா இருக்குன்னாங்க. மூணாவது வாரம் "இன்னும் பழசே இருக்குங்க"ன்னாங்க. சரி, அலமாரியில இருக்கட்டும், யாராவது வர்றப்ப குடுக்கலாம்னு வெச்சேன். எந்நேரமும் ஒரு பன்னெண்டு பாட்டில் இருக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு பாரு. சக்கரை போட்ட ஜாம் ஒரு வருஷம் கெடாது. இது சக்கரை இல்லாததுனால சீக்கிரம் புளிச்சுடும். வீடியோல ஒரு வாரம்னு சொன்னா. ஃபிரிஜ்ஜுல இடம் இல்ல, எங்க ஊர்க் குளிருக்கு அலமாரி போதும், ஆனா நம்ப முடியாது. யாராவது திடீர்னு வந்து நின்னா கெட்டுப்போனதையா தூக்கிக் குடுக்கறது? அதனால காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா எல்லாத்தையும் பாத்துடுவேன். அதுவும் மேலாக்க இல்ல. அடியிலருந்துதான் புளிப்பு ஏறும், கரண்டியை உள்ள விட்டு எடுக்கணும். இன்னொரு விஷயம் சொல்றேன், செஞ்சு பாத்தா உனக்கே தெரியும். இது ஆறினா ரொம்ப அமுங்கிடும். கழுத்து வரைக்கும் நிரப்பி வெப்பேன், ஒரு வாரத்துல பாதிப் பாட்டில்தான் இருக்கும். பழத்துல அவ்வளவு காத்து.

குஞ்சப்பனை செக்போஸ்ட்டா? அதான் வேர்க்குது. கீழ இறங்க இறங்க சூடு. இந்தச் சூட்டுல பாட்டில் என்ன ஆகுதோ. கொஞ்சம் இந்த மூடிகளைப் பிடி, ஆறையும் பாத்துடறேன். முதல்து சரி. ரெண்டாவது சரி. மூணாவது, என்னமோ மாதிரி இருக்கு, இன்னொரு கரண்டி பாக்கறேன். இல்ல, பட்டைதான் தூக்கலா இருக்கு. நாலு, அஞ்சு, ம், ஆறு. எல்லாம் கெடல. மூடிகளைக் குடு.

எங்க விட்டேன்? ஆங், சண்டை, ஈஸ்டர்ல நடந்தது. நடுவுல நடுவுல விரல்ல குத்திப் பாப்பாங்கல்ல, அது முன்னூறு, முன்னூத்தி இருவதுன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. நித்யகலா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்தா. "டீச்சர், மறைக்காம சொல்லுங்க"ன்னா. நான் ஒரு பிள்ளை கிட்டயாவது எதையாவது மறைச்சிருக்கேனா? மாத்திரையைக் கூட்டினா. கூட்டியும் இறங்கல. அவ பெனிட்டாவுக்குப் போன் பண்ணிட்டா போல. ஈஸ்டர் அன்னைக்கு, சர்ச்சுக்குப் போய்ட்டு நான் வீட்டுக்குள்ள நுழையறேன், என் மக என் சமையல்கட்டுல தரையில உக்காந்திருக்கா. சுத்திலும் டப்பா. அரிசி டப்பாவுல கையை விட்டுத் துழாவறா. பருப்புக்கு அடியில பாக்கறா. என் தலகாணி உறையைக் கூட உதறிப் பாத்திருக்கா கண்ணு. நான் பெத்த பிள்ளை.

"எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்கே"ன்னா.

அந்தப் பிரிக்காத சக்கரைப் பாக்கெட்டை எடுத்து அவ கையில குடுத்தேன். நோட்டைக் குடுத்தேன். அவ அலமாரியைப் பாத்தா. "இதை எவ்வளவு சாப்பிடறே?" "சாப்பிடறதே இல்ல"ன்னேன். சத்தியமான வார்த்தை. அவ என் முகத்தையே பாத்துட்டு, "பொய் சொல்லாதேம்மா"ன்னா.

எனக்கு அறுவத்தி நாலு வயசு. என்னை யாரும் அந்த வார்த்தை சொன்னதில்ல. ஆடிட்டுக்கு வந்த அதிகாரி சொன்னதில்ல. எங்க வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்த காலத்துல கூடச் சொன்னதில்ல. அவ சொல்லிட்டா. அன்னைக்கு ஈஸ்டர் பிரியாணியை ரெண்டு பேரும் தொடல. அவ அடுத்த வண்டியில போயிட்டா. எனக்கு இன்னும் அது ஆறல, புண்ணு மாதிரிதான்.

போன வியாழக்கிழமை அந்த டெஸ்ட் வந்துச்சு. இதோ, கைப்பையில இருக்கு. பத்து புள்ளி நாலு. எட்டுக்குக் கீழன்னு பேச்சு, பத்து புள்ளி நாலு. அவளுக்கு இன்னும் சொல்லல. நேர்ல வர்றேன்னு மட்டும் சொன்னேன். அவ நான் மூட்டை கட்டிட்டு வர்றேன்னு நெனச்சிருப்பா. நான் எதுக்குப் போறேன் தெரியுமா? கோயமுத்தூர்ல உணவைப் பரிசோதனை பண்ற லேபு இருக்கு. எங்க பள்ளிக்கூடத்துலருந்தே சாம்பிள் எடுத்து அனுப்பியிருக்காங்க, எனக்கு நடைமுறை தெரியும். இந்த ஆறு பாட்டிலையும் அங்க குடுத்து, சக்கரை இல்லைன்னு எழுதி வாங்கி, சீல் வெச்சு, என் மக முன்னாடி வைக்கப்போறேன். டெஸ்டு தப்பா, மாத்திரை தப்பா, அதை டாக்டருங்க பாத்துக்கட்டும். சலோமி பொய் சொல்லலைன்னு அவ வாயால சொல்லணும்.

ஏன் கண்ணு அப்படிப் பாக்கறே?

என்ன ஒம்போது?

ஒம்போது கரண்டியா? நானா? வண்டி ஏறினதுலருந்தா? நீ எண்ணிக்கிட்டா வந்தே? வர்க்கிக்கு முன்னாடி ஒண்ணு, அரவேணுல ஒண்ணு, செக்போஸ்ட்டுல ஆறு பாட்டில், மூணாவதுல ரெண்டு. சரி, ஒம்போதுதான். அதுக்கென்ன? அது ருசி பாத்தது. சாப்பிட்டதில்ல. இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கிட்டு வர்றேன்.

வீட்டுலயும் இப்படித்தானான்னா? வீட்டுல எப்படிப் பாப்பேனோ அப்படித்தான் இங்கயும் பாக்கறேன். பன்னெண்டு பாட்டில். காலையில பன்னெண்டு, சாயங்காலம் பன்னெண்டு. சந்தேகம் வந்தா இன்னொண்ணு. கிண்டற அன்னைக்குத் தனி, பேரீச்சை போடறதுக்கு முன்னாடி, போட்டதுக்கப்புறம், சூடா இருக்கறப்ப, ஆறினப்புறம். சூட்டுல ஒரு ருசி, ஆறினா ஒரு ருசி, ரெண்டையும் பாக்காம எப்படி.

அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு ஆச்சுன்னா?

முப்பது.

இரு. விரல் விட்டு எண்ணிப் பாக்கறேன்.

பாட்டில் அமுங்கல. அப்படித்தானே? என் வயித்துக்குள்ளதான் அமுங்கியிருக்கு. தினம் முப்பது கரண்டி, மூணு மாசம். பழத்துல காத்துன்னு உன்கிட்டயே சொன்னேனே இப்ப. உனக்குச் சிரிப்பு வரலையா? சிரிச்சுக்கோ. எனக்கு வெக்கமா இருக்குது. கோவமும் வருது, யார் மேலன்னு தெரியல. நூத்தி இருவது பிள்ளைங்க இருந்தப்ப காலையிலருந்து ஓடின ஓட்டத்துல அந்தத் தட்டு கரைஞ்சு போயிருக்கும். இப்ப அலமாரிக்கும் அடுப்புக்கும் நாலு அடி.

ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நான் பொய் சொல்லல. தின்னிருக்கேன், சரி. பொய் சொல்லல. ரெண்டும் வேற வேற.

லேபுக்கா? வேண்டாம். அங்க என்ன எழுதிக் குடுப்பாங்கன்னு எனக்கே இப்ப பயமா இருக்கு. பேரீச்சம்பழம் இனிக்குதுல்ல. இனிப்பு எங்கிருந்து வந்தா என்ன, என் ரத்தத்துக்கு மரமும் ஆலையும் தெரியுமா? நித்யகலா இதைத்தான் ஒரு நாள் ஏதோ சொல்ல வந்தா. நான் பேச விடல.

அந்தப் போனை எடுத்துக் குடு, பை ஓரத்துல இருக்கு. மேட்டுப்பாளையம் நெருங்கிட்டோம், சிக்னல் இருக்கும். நீ கேட்டா கேட்டுக்கோ, பரவால்ல.

பெனிட்டா? அம்மாதான். வண்டியிலதான் இருக்கேன். முதல்ல நான் பேசிடறேன், குறுக்க பேசாதே. ரிசல்ட் வந்துடுச்சு. பத்து புள்ளி நாலு. ம். ஆமா, பத்து. அழாதே. அழாதேன்னு சொல்றேன்ல. காரணம் தெரிஞ்சுபோச்சு. நான் தின்னிருக்கேன். சக்கரை இல்லடி, அந்தக் காம்போட்டு. தினமும் முப்பது கரண்டி. ருசி பாத்தேன். பாட்டில் கெட்டுப்போச்சான்னு. ஆமா, எல்லா பாட்டிலையும். ஆமா, ரெண்டு வேளையும். இல்ல, விளையாடல.

என்ன கேட்டே?

யாருக்குக் குடுக்க அத்தனையும் ருசி பாத்தேன்னு கேக்கறா கண்ணு.

பெனிட்டா, லைன்ல இருக்கியா? யாருக்கும் இல்ல. யாரும் வரல. நீ ஈஸ்டருக்கு வந்தே, டப்பாவைத்தான் திறந்தே. எனக்குப் பிடிச்சுது, நான் தின்னேன். போதுமா? இருவத்தெட்டு வருஷம் அடுத்தவங்க பிள்ளைக்காக நாக்கை நீட்டினேன். இது எனக்கு. நல்லா இருந்துச்சு. அதுக்காக நான் வெக்கப்படப் போறதில்ல.

நீ அழறதை நிறுத்து, முடிவைக் கேளு. பேச்சுப்படி நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா நான் வரல. இன்னொரு மூணு மாசம் எடுத்துக்கறேன். உன்னைக் கேக்கல, சொல்றேன். மல்பெரி முடிஞ்சுபோச்சு, மரத்துல ஒரு பழம் கிடையாது, அடுத்த மார்ச்சு வரைக்கும் அது சும்மாதான் நிக்கும். அலமாரியைக் காலி பண்ணிடறேன். நித்யகலா கிட்ட நாளைக்கே போய் உள்ளதைச் சொல்றேன், விரலைக் காட்டறேன். அவ விரலை எடுக்கணும்னா எடுக்கட்டும். ஒம்போது விரலோட என் வீட்டுல நடப்பேன். இல்ல, காந்திபுரம் வரைக்கும் வர மாட்டேன். பையோட கீழ இறங்கினேன்னா நீ திருப்பி ஏத்திவிட மாட்டே, உன்னை எனக்குத் தெரியாதா.

அப்புறம் இன்னொண்ணு. ஈஸ்டர் அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை சொன்னே. அதைத் திருப்பி எடுத்துக்கோ.

ம்.

ம். சரி. நீயும் சாப்பிடு, நேரமாச்சு. வெக்கறேன்.

எடுத்துக்கிட்டா கண்ணு. "நீ பொய் சொல்லலம்மா, உனக்கே தெரியல"ன்னா. ஞாயித்துக்கிழமை வர்றாளாம். டப்பா எதையும் திறக்க மாட்டாளாம். வரட்டும், பாக்கலாம்.

இதோ பஸ் ஸ்டாண்டு. நான் இங்க இறங்கிடறேன், மேல போற வண்டி ஏதாவது நிக்கும். கால் ஒண்ணும் வலிக்கல, பிடிக்க வேண்டாம். இந்தப் பையை நீ எடுத்துட்டுப் போ. ஆறும் உனக்குத்தான். உங்க வீட்டுல எத்தனை பேர்? அப்போ சீக்கிரம் தீந்துடும், நல்லது. அந்த மூணாவது பாட்டிலை முதல்ல எடுத்துக்கோங்க.

செக்போஸ்ட்டுக்கப்புறம் நல்ல வெயில் அடிச்சிருக்கு. இறங்கறதுக்கு முன்னாடி இன்னொருக்கா ஆறையும் பாத்துக் குடுக்கறதுதான் முறை. பாக்கல. மூடியோட அப்படியே தர்றேன். நான் ருசி பாக்காம அடுத்தவங்க கையில குடுக்கறது இதுதான் முதல் தடவை. புளிச்சுப் போயிருந்தா என்னைத் திட்டிக்கோ.